கொல்லைக் கூளமும் குடிமகன் கடமையும்

மரம் நடுதல் நற்செயல் என்பதில் ஐயமுடையார் எவரும் இலர். பள்ளிச் சிறுவர் முதல் நாட்டையாளும் அமைச்சர் வரை மண்வெட்டி பிடித்துக் கன்று நடும் காட்சியைப் பத்திரிகைகள் படம் பிடித்து வெளியிடுகின்றன. சிங்கப்பூரில் 1963-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அந்நாளைய பிரதமர் லீ குவான் இயூ ஒரு மரக்கன்றை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அன்று தொடங்கிய முயற்சி அத்தீவைப் பசுமை நகரமாக்கியது. ஆனால், நட்ட மரம் நட்டபடியே நிற்பதில்லை. அது வளரும், கிளை விடும், இலை உதிர்க்கும், காற்றில் கொம்பு முறியும். நடுவோர்க்குப் புகழ் உண்டு. முறிந்த கொம்பை அள்ளுவோர்க்கு என்ன உண்டு? அக்கொம்பு எங்கே போகிறது? அதன் சுமை கடைசியில் எவர்மீது இறங்குகிறது? இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

"குப்பைக்கூளத்தில் என்ன தத்துவம் இருக்கிறது?" என்று சிலர் நகைக்கலாம். மேடையில் நின்று உலக சகோதரத்துவம் பேசுவது எளிது. அங்கே நம்மைச் சோதிப்பார் எவரும் இல்லை. மதிலுக்கு அப்பால் வாழும் அண்டை வீட்டாரோடு நாம் எப்படி ஒழுகுகிறோம் என்பதிலேதான் நமது அறம் சோதிக்கப்படுகிறது. ஆதலின், சிறுபொருள் என்று இதனைத் தள்ளிவிடுதல் கூடாது.

நமது நாட்டின் இயற்கையையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். குளிர்நாடுகளில் இலையுதிர்காலம் ஒன்று உண்டு. ஆண்டுக்கொருமுறை வாரிக்கூட்டினால் வேலை முடியும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அத்தகைய ஓய்வு கிடையாது. சிங்கப்பூரில் மட்டும் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வெயிலும் குறைவதில்லை. மாவும் பலாவும் ரம்புத்தானும் முருங்கையும் ஆண்டு முழுவதும் தழைக்கின்றன. வேலியோரத்துச் செம்பருத்தி ஒரு மாதம் கவனியாவிட்டால் வழியை மறைக்கிறது. தென்னை தன் மட்டையை நாள்பார்த்து விழவிடுவதில்லை. ஆகவே, கொல்லையும் மரமும் உடையவன் ஓயாமல் கூளத்தையும் உடையவனாகிறான்.

மூன்று பழைய வழிகள்

இக்கூளத்தை ஒழிக்க நம்மவர் கைக்கொள்ளும் வழிகள் மூன்று. ஒன்று, மதிலுக்கு அப்பால் உள்ள வெற்று நிலத்திலோ ஓரத்துக் கால்வாயிலோ எறிந்துவிடுதல். இரண்டு, குவித்து எரித்தல். மூன்று, கூலி கொடுத்து லோரிக்காரரிடம் ஒப்படைத்தல். மூன்றிலும் சுமை எங்கே இறங்குகிறது என்று பார்ப்போம்.

முதல் வழியைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. கால்வாயில் எறிந்த கிளை நீரைத் தடுக்கும். பெருமழையில் தெரு முழுவதும் வெள்ளம் ஏறும். வெற்று நிலத்துக் குவியலில் எலியும் பாம்பும் குடிபுகும். மட்டைக்கும் கூந்தலுக்கும் இடையே தேங்கும் சிறு நீரில் டெங்கிக் காய்ச்சல் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். எறிந்தவன் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குகிறான். காய்ச்சலோ எந்த வீட்டுக் குழந்தைக்கோ வருகிறது.

இரண்டாம் வழி, எரித்தல். மாலை வேளையில் கொல்லையில் தீமூட்டி நிற்பது நம்மவர்க்கு ஒரு பழைய பழக்கம். கூளம் ஒழிகிறது, கொசுவும் ஓடுகிறது என்று அதற்குச் சமாதானம் கூறுவர். ஆனால் ஈரப்பச்சைக் கிளை சரிவர எரிவதில்லை, புகைந்துகொண்டே இருக்கும். அப்புகையிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் ஆழத்தில் சென்று தங்கக்கூடியவை. ஈளை நோயாளிக்கும் முதியவர்க்கும் அது நஞ்சு. மதில் நிலத்தைப் பிரிக்குமேயன்றிக் காற்றைப் பிரிக்காது. நம் தீயின் சாம்பல் நம் கொல்லையில் விழுகிறது. அதன் புகையோ பிறன் மார்பில் தங்குகிறது.

இப்பகுதி மக்களுக்குப் புகையைப் பற்றிப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1997-ஆம் ஆண்டு செப்டம்பரில் புகைமூட்டம் காரணமாகச் சரவாக்கில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகப் பகுதியிலும் கோலசிலாங்கூரிலும் அவ்வாறே அறிவிக்க நேர்ந்தது. 2013 ஜூன் 21-ஆம் நாள் சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401 என்னும் அளவை எட்டியது. அந்நாட்களில் நாமெல்லோரும் காட்டையெரித்த அயலாரைக் குறைகூறினோம், கூறியது நியாயமே. ஆனால், ஆயிரம் ஏக்கர் எரிப்பவனுக்கும் பத்தடிக் குவியல் எரிப்பவனுக்கும் அளவில் வேற்றுமை உண்டேயன்றிக் கொள்கையில் வேற்றுமை உண்டா? "என் வேலை எளிதாக முடியவேண்டும்; அதன் துன்பத்தைப் பிறர் சுமக்கட்டும்" என்பதே இருவர் கொள்கையும் ஆகும். மலேசியாவின் 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைக் கடுந்தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருப்பது இதனாலேயே ஆகும்.

மூன்றாம் வழி, லோரி. இது நாகரிகமாகத் தோன்றும் வழி; பணம் கொடுத்துவிட்டோம், கடமை தீர்ந்தது என்ற மனநிறைவும் தரும். அந்த லோரி முறையான இடத்துக்குச் சென்றால் குற்றமில்லை. மலேசியாவில் 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில், வாரமொருமுறை தோட்டக் கழிவைத் தனியே பெற்றுச் செல்லும் ஏற்பாடு உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் நன்றே செய்கின்றனர். ஆனால் மலிவான கூலிக்கு வரும் லோரி, இரவில் ஓர் ஆற்றங்கரையில் சுமையைக் கவிழ்த்துவிட்டுப் போவதும் உண்டு. குப்பைமேட்டில் புதைக்கப்பட்டாலும் தீமை ஒழிவதில்லை. காற்றுப்படாமல் மட்கும் இலையும் தழையும் மீத்தேன் என்னும் வாயுவை வெளியிடும். உலகை வெப்பமாக்குவதில் அது கரியமிலவாயுவைவிட இருபது மடங்குக்கும் மேல் வலிமையுடையது. கண்ணுக்கு மறைந்தது கணக்குக்கு மறைவதில்லை.

தோட்டங்கள் கற்பித்த பாடம்

கிளையைச் சீவி மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பது நான்காவது வழி. இது நகரத்துக் கடைகளில் யந்திரம் வந்தபின் பிறந்த நாகரிகம் என்று எண்ண வேண்டா. நம்மவர் வியர்வை சிந்திய தோட்டங்களிலேயே இதன் வரலாறு இருக்கிறது.

மலாயாவின் தோட்டங்களில் பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்யும்போதெல்லாம், வெட்டியவற்றைக் குவித்து எரிப்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. வெட்டியவரும் குவித்தவரும் தீயருகே நின்றவரும் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளரே. அப்புகையை உண்டவையும் அவர்கள் பிள்ளைகள் வாழ்ந்த லயங்களே. 1980-களின் பிற்பகுதியில் செம்பனைத் தோட்டக் கம்பெனிகள் சில இவ்வழக்கத்தை மாற்றின. பழைய செம்பனையை யந்திரத்தால் வீழ்த்தி, அடிமரத்தைத் துண்டு துண்டாகச் சீவி, நிலத்தில் வரிசையாகப் பரப்பி, அதனூடே புதுக்கன்றை நட்டன. ஏறக்குறைய இரண்டாண்டுகளில் சீவல் மட்கி உரமாயிற்று. 1999-ஆம் ஆண்டு ஆசியான் நாடுகளின் அமைச்சர்கள் எரியா நடவு முறையைப் பொதுக் கொள்கையாக ஏற்றனர்.

இம்முறையில் ஒரு சிக்கலும் தோன்றியது. அதனை மறைத்தல் நேர்மையன்று. மட்கும் மரத்தைத் தடித்த குவியலாக விட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகும். அவ்வண்டு இரவில் பறந்து சென்று இளஞ்செம்பனை, தென்னை இவற்றின் குருத்தைத் துளைக்கும். ஆகவே, சீவலை மெலிதாகப் பரப்பவும், அதன்மேல் அவரையினக் கொடிகளைப் படரவிட்டு மூடவும் தோட்டக்காரர் கற்றனர். நல்ல முறை என்று பெயர் பெற்றதையும் கவனியாமல் விட்டால் அது அயலான் தென்னையைக் கொல்லும் என்பதே இதனால் அறியத்தக்கது.

சிங்கப்பூரிலும் இக்கருத்து வேறொரு வடிவில் நடைமுறையில் இருக்கிறது. 2012-இல் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டத்தில், வெட்டிய மரக்கிளைகளைச் சீவலாக்கி எரிபொருளாக்கி, அதனால் மின்சாரமும் கண்ணாடிக் கூடங்களுக்கு வேண்டிய குளிர்ச்சியும் பெறுகின்றனர். புகையை அடக்கும் உலையில் எரிப்பதும் கொல்லையில் புகையவிடுவதும் ஒன்றல்ல. பொதுநிறுவனங்கள் இவ்வளவு செய்யும்போது, தனிவீட்டுக்காரன் செய்யத்தக்கது யாது என்பதே அடுத்த கேள்வி.

யந்திரமும் அதன் வகையும்

ஆங்கிலத்தில் 'வூட் சிப்பர்' என்று வழங்கும் கிளைநறுக்கி யந்திரம் இன்று வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படுகிறது. அதன் விலை சில நூறு வெள்ளி முதல் பல ஆயிரம் வெள்ளி வரை செல்லும். வகைகள் பல. வேகமாய்ச் சுழலும் தட்டில் கத்தி பூட்டியது ஒன்று. அது துண்டங்களைச் சீராகச் சீவும், ஆனால் பேரொலி எழுப்பும். மெதுவாய்ச் சுழலும் பல்லுருளையால் கிளையை நெரித்து உள்ளிழுப்பது மற்றொன்று. அது அமைதியானது, எனினும் மெல்லிய இலைதழையை விழுங்காமல் திணறும். எண்ணெய் யந்திரத்தால் இயங்கும் பெரிய வகை இவ்விரண்டினும் வலியது.

மின்சார வகைக்கு ஓர் இயல்பான எல்லை உண்டு. நம் வீடுகளிலுள்ள 13 ஆம்பியர்ப் பிளக்கு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3,000 வாட் வரையே தாங்கும். அஃதாவது நான்கு குதிரைத்திறன். அதில் ஓடும் யந்திரம் விரற்கடை இரண்டளவு பருமனுள்ள கொம்பையே தொல்லையின்றி நறுக்கும். 'கைப்பருமன் கிளையும் போகும்' என்று விளம்பரம் கூறினால், விலை கொடுக்குமுன் சற்று நின்று யோசிப்பது நலம். மெல்லிய நீண்ட மின்கம்பியை இணைத்து ஓட்டினால் கம்பி சூடேறும். உருளையிலிருந்து முழுவதும் அவிழ்க்காமல் ஓட்டினால் உருகவும் கூடும்.

ஆனால், எந்த யந்திரம் என்று கேட்பதற்கு முன், யந்திரம் வேண்டுமா என்று கேட்பவனே அறிவுடையவன். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது பழமொழி. கடையில் பல யந்திரம் கண்டவனோ தேவையற்ற ஒன்றை வாங்கிவிடுகிறான். வரிசை வீட்டின் முன்னால் இரண்டு தொட்டிச் செடியும் ஒரு கறிவேப்பிலையும் வைத்திருப்பவனுக்குக் கத்தரிக்கோலே போதும். ஆண்டுக்கு இருமுறை மாமரம் கழிப்பவனுக்கு ஒரு பாராங்கும் அரிவாளும் அரை நாள் உழைப்பும் போதும். அல்லது வாடகை யந்திரம் போதும். வாங்கி ஒருமுறை ஓட்டி, பின்பு துருப்பிடிக்க விட்ட யந்திரம் தானே ஒரு குப்பையாகிறது. கூளத்தை ஒழிக்கப் புறப்பட்டு, மண்ணில் மட்காத இரும்புக் கூளத்தைப் பெற்றவனை என்னென்பது!

பத்து வீட்டார் சேர்ந்து ஒரு யந்திரம் வாங்கலாகாதா? ஒரு தாமானில் பத்து வீட்டில் பத்து யந்திரம், ஆண்டில் முந்நூற்றைம்பது நாள் சும்மா கிடப்பதைவிட, ஒன்று முறைவைத்து உழைப்பது மேலன்றோ? கூட்டுறவு நம்மவர்க்குப் புதிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஏழைத் தொழிலாளர் சிறுசிறு தொகை சேர்த்துத் தோட்டங்களையே சொந்தமாக வாங்கிக் காட்டினர். தோட்டம் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கிளைநறுக்கி வாங்கிக் காப்பது இயலாத காரியமா?

இயலும், எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். எல்லாருக்கும் உரியது என்றால், கவனிப்பவர் எவருமில்லை என்ற நிலை எளிதில் வந்துவிடும். கடைசியாக ஓட்டியவன் கழுவாமல் வைப்பான்; அடுத்தவன் மழுங்கிய கத்தியைக் கண்டு முன்னவனைத் திட்டுவான்; மூன்றாமவன் ஆணி கழன்ற யந்திரத்தை அறியாமல் ஓட்டிக் காயமடைவான். ஆகவே, கூட்டாக வாங்குவோர் பணத்தைப் பங்கிடும்போதே பராமரிப்பையும் பங்கிடல் வேண்டும். ஒவ்வொருவரும் ஓட்டிய மணியையும் செய்த பழுதுபார்ப்பையும் எழுதி வைக்க ஒரு குறிப்பேடு வேண்டும்.

பராமரிப்பு என்னும் அறம்

பராமரிப்பைச் சிக்கன நோக்கோடு மட்டும் பேசுவது வழக்கம்: எண்ணெய் மாற்றினால் யந்திரம் நீடித்து உழைக்கும், பணம் மிஞ்சும் என்பர். அது மெய்யே. ஆனால், கூர்மையான கத்தி சுழலும் யந்திரத்தைப் பொறுத்தவரை பராமரிப்பு என்பது உயிர்பற்றிய கடமை.

கத்தி மழுங்கினால் யந்திரம் கிளையைச் சீவாது, குதறும். கிளை துள்ளும், சிக்கும். சிக்கியதும் மனிதன் பொறுமை இழக்கிறான். காலால் உதைக்கவோ கையால் தள்ளவோ துணிகிறான். யந்திரத்தின் வாய் கை எட்டாதபடி நீண்டதாக அமைக்கப்பட்டிருப்பது அவனுக்கு இடைஞ்சலாகத் தோன்றுகிறது. எத்தனையோ விபத்துகள் இந்த ஒரு கணத்தில்தான் பிறக்கின்றன. ஆகவே கத்தி தீட்டுதல் என்பது அக்கணம் வாராமல் காக்கும் முன்னேற்பாடு. இரண்டு கத்தியுள்ள தட்டில் ஒன்றை மட்டும் தீட்டினால் எடை மாறித் தட்டு அதிரும். இரண்டையும் சமமாகத் தீட்ட வேண்டும். சுழலும் கத்திக்கும் எதிரே நிற்கும் நிலைக்கத்திக்கும் உள்ள இடைவெளியைக் கையேடு சொல்லும் அளவில் வைக்க வேண்டும். அகன்றால் நார் சிக்கும்.

வேலை முடிந்ததும் மின்கம்பியைப் பிடுங்கி, அல்லது தீப்பொறிச் செருகியைக் கழற்றி, தட்டு முற்றிலும் நின்றபின் உள்ளே துடைக்க வேண்டும். விசையை அணைத்த பின்னும் கனத்த தட்டு சிறிதுநேரம் சுழன்றுகொண்டே இருக்கும். ஒலி அடங்கியது கண்டு கையை விடுதல் பேதைமை. பலாவின் பாலும் மாவின் பிசினும் உள்ளே காய்ந்தால் அடுத்தமுறை கல்லாகிவிடும். எண்ணெய் யந்திரமாயின், புதிதில் ஓடிய சில மணிக்குப் பின்னும், பிறகு கையேடு குறித்த மணிக்கணக்கிலும் எண்ணெய் மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்துவதாயின் பெட்ரோலை வடித்துவிட வேண்டும், இல்லையேல் அது கெட்டுப் பிசினாகித் துவாரங்களை அடைக்கும். ஆணிகளை ஒவ்வொருமுறையும் முடுக்கிப் பார்க்க வேண்டும்.

எதனைச் சீவலாம், எதனைச் சீவலாகாது என்று அறிவதும் பராமரிப்பே. பச்சைக் கிளை மிருதுவாயிருக்கும். காய்ந்து இறுகிய கட்டை கத்தியைத் தின்னும். மூங்கிலில் மணற்சத்து மிகுதி. அது விரைவில் மழுக்கும். தென்னை மட்டையின் நாரும் நீண்ட கொடிகளும் அச்சில் கயிறாகச் சுற்றும். வேரோடு ஒட்டிய கல்லும் பழைய வேலியில் மறைந்த ஆணியும் கத்தியைப் பிளக்கும். பூசைக்கு வளர்க்கும் அரளியோ நஞ்சுடையது. அதன் சீவலும் தூசியும் தீங்கு செய்யும். அதனை யந்திரத்தில் இடாமல் கையுறை அணிந்து தனியே கட்டி அப்புறப்படுத்துவதே தக்கது.

யாருடைய கை?

இனி, இவ்வாராய்ச்சியின் நடுவான இடத்துக்கு வருகிறோம். யந்திரம் வாங்கினோம், எரிப்பதை நிறுத்தினோம், அண்டை வீட்டாரின் நுரையீரலைக் காத்தோம். நன்று. ஆனால், அந்த யந்திரத்தின் வாயருகே நிற்பவன் யார்?

பெரும்பாலான வீடுகளில் அது வீட்டுக்காரன் அல்லன். நாட்கூலிக்கு வரும் தோட்டக்காரன். வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ தமிழகத்துச் சிற்றூரிலிருந்தோ வந்தவன். கையேடு அவன் அறியாத மொழியில் இருக்கிறது. வீட்டுக்காரன் விலைச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறான். கண்காப்புக் கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். கூலிக்காரன் தளர்ந்த சட்டையோடும் கழுத்தில் தொங்கும் துண்டோடும் யந்திரத்தருகே குனிகிறான். துண்டின் ஒரு முனை போதும். கிளையோடு கிளையாக அதனையும் யந்திரம் இழுக்கும். அதற்கு மரமும் மனிதனும் ஒன்றே.

முன்பு நம் கூளத்தின் சுமை அயலானின் மார்பில் புகையாக இறங்கியது. இப்போது அது வேலையாளின் விரல்களில் இறங்குமாயின், நாம் சுமையை மாற்றினோமேயன்றித் தீர்த்தோமில்லை. முன்னதிலாவது புகை சற்று நம்மையும் வந்து தாக்கிற்று. பின்னதில் நமக்கு ஒரு தும்மலும் இல்லை.

நம்மவர் இதனை எல்லாரினும் ஆழமாக உணர வேண்டியவர்கள். தாய்நாட்டில் கூளம் அள்ளும் தொழிலைப் பிறப்பின்மேல் ஏற்றி, ஒருசாரார் கையை மட்டும் அழுக்காக்கி, மற்றவர் கையைத் தூயது என்று சொல்லி வைத்த கொடுமையை நாம் அறிவோம். கடல் கடந்து வந்தபோதும் நகராண்மைக் கழகத்தின் தெருக்கூட்டும் வேலையிலும் சாலை போடும் வேலையிலும் நின்றவர்களில் நம் முன்னோர் மிகப் பலர். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று படித்து, வீடு வாங்கி, கொல்லையில் மரம் வைத்து வாழ்வது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், துடைப்பத்தை நாம் கீழே வைத்தது மற்றொரு நாட்டு ஏழையின் கையில் அதனைத் திணிப்பதற்காக அன்று. அழுக்கு ஒரு பிறப்புக்கு உரியது என்ற பழைய எண்ணத்தைக் கைவிட்டோம் என்று பெருமை கொள்ளும் நாம், அது ஒரு நாட்டாருக்கு உரியது என்ற புது எண்ணத்தை வளர்க்கலாகாது.

இதனால் கூலிக்கு ஆள் வைத்தலே தவறு என்று கூறவில்லை. முதியோரும் நோயாளரும் யந்திரத்தருகே நிற்க இயலாது. கூலி வேலையால் பிழைப்போர்க்கு வேலை வேண்டும். அங்ஙனம் வேலை வாங்கும்போது செய்ய வேண்டியவை சில. கண்ணாடியும் செவியடைப்பும் கையுறையும் காலணியும் யந்திரத்தின் விலையோடு சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும். அவற்றுக்குப் பணமில்லாதவனுக்கு யந்திரம் வாங்கவும் பணமில்லை என்பதே பொருள். கிளையின் அடிப்பக்கத்தை முன்னே செலுத்துதல், பக்கவாட்டில் நிற்றல், சிக்கினால் முதலில் மின்சாரத்தை அறுத்தல் என்னும் முறைகளை வேலையாளுக்கு அவன் அறிந்த மொழியில் செய்து காட்ட வேண்டும். முதல் நாள் வீட்டுக்காரனே நின்று ஓட்டுதல் வேண்டும். தான் நிற்க அஞ்சும் இடத்தில் பிறனை நிறுத்துதல் எவ்வளவு கூலி கொடுத்தாலும் நியாயமாகாது. மலேசியாவில் 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிக்குக் கடமைகளை விதிக்கிறது. ஆனால், கொல்லைப்புறத்து அரைநாள் வேலையைப் பார்க்க எந்த அதிகாரியும் வருவதில்லை. அங்கே சட்டத்தின் இடத்தில் மனச்சான்றே நிற்க வேண்டும்.

சீவலின் கதி

சீவிய பின்னும் கடமை முடிந்துவிடவில்லை. சீவல் மூட்டையை மீண்டும் தெருவில் வைத்தால் பழைய கதையே. மரத்தின் அடியில் இரண்டு முதல் நான்கு அங்குலக் கனத்தில் பரப்பினால் அது வெயிலைத் தடுத்து ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும், பெருமழை மண்ணை அரிக்காமல் தாங்கும், நாளடைவில் தானே மண்ணாகும். அடிமரத்தை ஒட்டிக் குவிக்கலாகாது, பட்டை அழுகும். வீட்டுச் சுவரருகே போடலாகாது. கறையான் வழி கண்டுகொள்ளும். புதுச் சீவலை மண்ணோடு கிளறிக் கலக்கலாகாது; அதனை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும், செடி வெளிறும். அதிகமாயின் பச்சிலையும் காய்கறித் தோலும் கலந்து எருவாக்கலாம். குவியலை அவ்வப்போது புரட்டினால் வண்டுப்புழு தங்காது.

மரம் மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்கே திரும்புகிறது. இவ்வழியொன்றிலேதான் சுமை எவர்மேலும் இறங்காமல், அதைப் பெற்ற இடத்திலேயே பயனாக மாறுகிறது. முதல் மூன்று வழிகளுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இனி ஒரு தடை கூறுவார் உளர்: "யந்திரமும் எண்ணெயோ மின்சாரமோ தின்கிறது, காது கிழியும் ஒலி எழுப்புகிறது, இதுவும் அயலானுக்குத் துன்பமன்றோ?" என்பர். மெய்யே. ஆகையால்தான் விடியலிலும் பிற்பகல் உறக்க நேரத்திலும் விரதநாள் மாலையிலும் ஓட்டலாகாது. அண்டை வீட்டாரிடம் ஒரு சொல் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ஒரே மூச்சில் விரைவாக முடிக்க வேண்டும். அரைமணி ஒலிக்கு அனுமதி கேட்பதற்கும், அனுமதியின்றி மாலை முழுவதும் புகையவிடுவதற்கும் வேற்றுமை உண்டு. அவருடைய வேலியோரத்துக் கிளையையும் சேர்த்துச் சீவிக் கொடுத்தால் ஒலி குறைவாகவே கேட்கும் என்பது அனுபவ உண்மை.

முடிவாகக் கூறத்தக்கது இது. ஒரு பொருளின் இன்பத்தை நாம் கொள்ளும்போது, அது உதிர்க்கும் துன்பம் எங்கே இறங்குகிறது என்று பின்தொடர்ந்து பார்ப்பது மனிதனின் கடமை. நிழல் நமக்கு, உதிர்ந்த இலை பிறனுக்கு என்பது அநீதி. யந்திரம் அவ்வநீதியைத் தானாக நீக்கிவிடாது. தீட்டிய கத்தியும் காக்கப்பட்ட கையும் மண்ணுக்குத் திரும்பிய சீவலும் சேர்ந்தபோதே அது நீங்கும். மரம் நடச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். மரம் உதிர்ப்பதை ஏற்கவும் கற்பிப்போமாக. அடுத்தமுறை கொம்பு முறிந்து விழும்போது, "யாரைக் கூப்பிடலாம்?" என்று கேட்குமுன் "இதில் என் பங்கு எவ்வளவு?" என்று ஒவ்வொரு வீட்டாரும் கேட்பாராக.